பதினைந்தாவது ரவுண்ட்

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம். நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறோம். இந்த மாதமும் 5ஆம் திகதி காசு வந்தது. காசு தவறாமல் வருகிறது, உன் குரல் வந்துதான் ஆறு கிழமையாகிறது. தங்கச்சியைக் கேட்டால் "அண்ணாவுக்கு ஓவர்டைம்" என்கிறாள். கடைசியாக நீ எடுத்த அன்றும் முகம் தெரியவில்லை, கமரா பழுது என்றாய். பின்னால் பிள்ளைகளின் சத்தமும் கேட்கவில்லை. நித்திரையாக இருந்திருப்பார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. இரவு வேலை என்றால் பகலில் அறையை இருட்டாக்கிவிட்டு நித்திரை கொள். நித்திரை குறைந்தால் உனக்குத் தலையிடி வரும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

இதைத் தபாலில் போடத்தான் நினைத்தேன். பிறகு யோசித்துவிட்டு, தாளில் எழுதிப் படமெடுத்து வட்ஸ்அப்பில் போடுகிறேன். அம்மாவுக்குத் தெரியாது.

இங்கே மழை தொடங்கிவிட்டது. சாமி அறைக்குப் பக்கத்து அலுமாரியில் கறையான் ஏறி, கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்த குத்துச்சண்டைக்காரன் ஜோ பிரேசியரின் படத்தை அரித்துவிட்டது. முகம் முழுக்கப் போய்விட்டது. இடது கையும் தோளில் பாதியும் காற்சட்டையின் இடுப்புப் பட்டியும்தான் மிச்சம். 95இல் தென்மராட்சிக்கு ஓடித் திரும்பி வந்தபோது கதவு நிலைகளைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அந்த அலுமாரி மட்டும் படத்தோடு நின்றது. அம்மா "கிழிச்சு எறியுங்கோ" என்கிறாள். நான் மண்ணெண்ணெய் துடைத்துவிட்டு அப்படியே வைத்திருக்கிறேன்.

குத்துச்சண்டை என்றால் ஊரிலே எல்லோரும் முகமது அலியின் பக்கம். பெரியப்பாவும் அலிதான், சலூன் கண்ணாடிக்கு மேலேயும் அலிதான். நீயும் பெரியப்பாவோடு சேர்ந்துகொண்டு, "தோத்த ஆளை ஏனப்பா உங்களுக்குப் பிடிக்குது" என்று கேட்பாய். நான் சொன்ன பதில் உனக்கு மனப்பாடம். ஆனாலும் இன்றைக்கு இன்னொரு தரம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிலே நான் பிழையாகச் சொன்னது ஒன்று இருக்கிறது.

ஜோ பிரேசியர் தோற்ற ஆள் இல்லை. 37 சண்டையில் 32 வெற்றி, ஒன்று சமன். தோற்ற நாலும் இரண்டே பேரிடம்தான், அலியிடம் இரண்டு, ஜோர்ஜ் போர்மனிடம் இரண்டு. 1973இல் போர்மன் அவனை இரண்டு ரவுண்டுக்குள் ஆறு தரம் விழுத்தினான் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆறு தரமும் அவன் எழும்பியதை ஒருவரும் சொல்வதில்லை.

உண்மையைச் சொன்னால், பெரியப்பாவுக்கு எதிராக நிற்க எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது, அதுதான் தொடக்கம். 1971 மார்ச் 8, நியூயோர்க்கில் மடிசன் ஸ்கொயர் கார்டின். அதுவரை அலியும் தோற்றதில்லை, பிரேசியரும் தோற்றதில்லை. இங்கே 9ஆம் திகதி காலை. எனக்கு 13 வயது. வெங்காயத்துக்கு இறைத்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டுத்தான் பெரியப்பா வானொலிச் செய்தியைச் சொன்னார். பதினைந்தாவது ரவுண்டில் ஒரே ஒரு இடது ஹூக், கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசுகிற குத்து, அலி மல்லாக்க விழுந்தான். எழும்பினான்தான், ஆனால் புள்ளியில் பிரேசியர் வென்றுவிட்டான். பெரியப்பா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. நான் திரும்பிப் போய் மிச்சப் பாத்தி முழுவதையும் ஒரு மூச்சில் இறைத்து முடித்தேன்.

அந்த இடது கையின் கதையைப் பிறகுதான் வாசித்தேன். தென் கரோலினாவில் பியூபோர்ட் என்ற இடத்தில் ஏழைத் தோட்டக்காரக் குடும்பம், பிள்ளைகள் நிறைய. தகப்பனுக்கு இடது கை போய்விட்டது. வேலைக்குப் போகும் இடமெல்லாம் சின்ன ஜோதான் தகப்பனின் இடது கை. ஒருநாள் பன்றி துரத்தி விழுந்து அவனுடைய இடது கையும் முறிந்தது. வைத்தியத்துக்குக் காசில்லை, கை கோணலாகவே பொருந்தி, பிறகு ஒருநாளும் முழுதாக நீளவில்லை. மடங்கி நின்ற அந்தக் கையில்தான் அந்த ஹூக் இருந்தது. பிலடெல்பியாவில் மாடு வெட்டும் இடத்தில் வேலை செய்துகொண்டு பழகினான். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் பெருவிரல் முறிந்த கையோடு இறுதிச் சண்டை பிடித்துத் தங்கம் எடுத்தான். ஆள் உயரமும் இல்லை. அலி 6 அடி 3 அங்குலம், இவன் 6 அடிக்கும் அரை அங்குலம் குறைவு. அலி தூர நின்று அடிப்பான். இவன் பத்து அடி வாங்கி உள்ளே போனால்தான் ஒரு அடி கொடுக்கலாம். உள்ளே போய்க்கொண்டே இருந்தான், அதுதான் எனக்குப் பிடித்தது.

தகப்பனின் இடது கை என்று வாசிக்கும்போது இப்போது உன்னைத்தான் நினைக்கிறேன். பன்னிரண்டு வயதில் இறைப்பு மெசினுக்குக் கயிறு சுற்றி இழுப்பாய். கயிறு திருப்பி அடித்து மணிக்கட்டு வீங்கிய அன்றும் மற்றக் கையால் இழுத்தாய். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அன்று பெருமையாக இருந்தது.

அலியைக் குறை சொல்ல வரவில்லை. வியட்நாம் போருக்குப் போகமாட்டேன் என்று நின்றவன், அதற்காக மூன்று வருடத்துக்கு மேல் மேடையை இழந்தவன். அந்த நாளில் அவனுக்குக் கைமாற்றுக் காசு கொடுத்து, உரிமத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று அவனுக்காகக் கதைத்தவன் இதே பிரேசியர். திரும்பி வந்து அலி அவனைக் "கொரில்லா" என்று ஊருலகம் சிரிக்கச் சொன்னான். 2001இல் மன்னிப்புக் கேட்டான். 2011இல் பிரேசியர் ஈரல் புற்றுநோயில் போனபோது, நடுங்குகிற உடம்போடு செத்தவீட்டுக்கும் வந்தான். சரி, அது அவர்கள் இருவருக்கும் இடையில்.

நான் சொல்ல வந்தது மணிலாவில் அவர்கள் பிடித்த மூன்றாவது சண்டை. 1975 ஒக்டோபர் 1, பிலிப்பைன்ஸில் காலை நேரம், சகிக்க முடியாத வெக்கை. பிரேசியரின் இடது கண்ணில் பார்வை சரியில்லை. அதை அவன் ஆண்டுக்கணக்காக ஒருவருக்கும் சொல்லாமல் மறைத்தே சண்டை பிடித்துக்கொண்டிருந்தான். பதினாலாவது ரவுண்ட் முடிய நல்ல கண்ணும் வீங்கி மூடிவிட்டது. அலியின் வலது கை வருவது அவனுக்குத் தெரியவே இல்லை. பயிற்சியாளர் எடி ஃபட்ச் சண்டையை நிறுத்தினார். பிரேசியர் மாட்டேன் என்று எழும்பினான். "இரு மகனே, முடிஞ்சுது. இண்டைக்கு நீ செய்ததை ஒருத்தரும் மறக்கமாட்டினம்" என்று இருத்திவிட்டார்.

அந்தக் கிழவரை நான் முப்பது வருடத்துக்கு மேல் திட்டினேன். இன்னும் ஒரே ஒரு ரவுண்ட், மூன்று நிமிசம்தான். வென்ற பிறகு அலியே நிற்க முடியாமல் சரிந்தான். விட்டிருந்தால் பிரேசியர் வென்றிருப்பான் என்று சலூனில் நான் சத்தம் போட்டது உனக்கும் தெரியும், மூலையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாய். தலைமயிர் வெட்ட வந்தவர்கள் வெட்டாமல் போன நாளும் உண்டு.

தம்பி, 2007இல் நீ பாங்கொக்கிலிருந்து எடுத்த அந்த இரவு உனக்கு நினைவிருக்கும். எட்டு மாதம், ஒரு அறையில் பதினொரு பேர். "அப்பா, என்னால ஏலாது, நான் வரட்டே" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? "பிரேசியர் விட்டவனே? இன்னும் ஒரு ரவுண்ட் நில்" என்றேன். நீ கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு "சரியப்பா" என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு இன்றுவரைக்கும் "ஏலாது" என்ற சொல் உன் வாயில் வந்ததே இல்லை.

நாட்டு நிலைமையால்தான் உன்னை வரவேண்டாம் என்றேன் என்று அம்மாவுக்குச் சொன்னேன், பெரியப்பாவுக்குச் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். பாதை பூட்டு, பெடியள் காணாமல் போகிற காலம், அதெல்லாம் உண்மைதான். ஆனால் இங்கே வரச் சொல்லத் தேவையில்லையே. திருச்சியில் சின்னம்மா இருந்தா, அங்கே போ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காணி உறுதியை ஈடு வைத்து, உன்னை வெளிநாட்டுக்கு அனுப்ப 18 லட்சம் ஏஜென்சிக்காரனுக்குக் கொடுத்திருந்தேன். நீ திரும்பினால் காசு போய்விடும், ஊரும் கதைக்கும். அந்த இரவு நான் யோசித்தது அதைத்தான். உன் கண் தெரிகிறதா என்று நான் கேட்கவில்லை.

போன கிழமை நீ அனுப்பிய ரெலிபோனில் அந்தச் சண்டையைத் திரும்பவும் போட்டுப் பார்த்தேன். வேறு நேரமென்றால் பதினாலாவது ரவுண்டில் கோபம் வந்து நிறுத்திவிடுவேன். இந்த முறை மேடையில் பிரேசியரும் எடி ஃபட்ச்சும் இருந்த மூலையைப் பார்த்தேன். தோற்றால் அந்தக் கிழவருக்கும் நட்டம்தான், பெயரும் போகும். அவர் எதிர்ப்பக்கம் அலி எப்படி இருக்கிறான் என்று எண்ணிக்கொண்டிருக்கவில்லை, தன் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். எனக்கு இதைக் காண ஐம்பது வருடம் எடுத்திருக்கிறது.

நீ உறுதியை மீட்டாய், தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தாய், வீட்டுக்கு மேல்தளம் போட்டாய். கனடாவில், ஸ்காபரோவில் நீ வீடு வாங்கியபோது நான் சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இனிக் காசு அனுப்பத் தேவையில்லை. எனக்குப் பென்சன் இல்லாவிட்டாலும் தோட்டம் இருக்கிறது, இரண்டு பேருக்கு எவ்வளவு வேண்டும். ஆனால் தங்கச்சிக்குச் சொல்வதை அப்பாவுக்குச் சொல்லாமல் விடுகிறாயே, அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. அவள் மறைக்கத் தெரியாதவள். ஓவர்டைம் என்று சொல்லும்போது தலையைக் குனிகிறாள்.

அங்கே எது எப்படி இருந்தாலும் இருக்கட்டும். ஏலாது என்றால் ஏலாது என்று சொல்லு. வேலை என்றாலும் சரி, வீடு என்றாலும் சரி, வேறு எது என்றாலும் சரி. இந்த முறை நான் ரவுண்ட் எண்ணமாட்டேன். வா. தனியாக வருவதென்றாலும் வா. கொழும்புக்குப் போய் அலையத் தேவையில்லை, சென்னையிலிருந்து பலாலிக்கே விமானம் வருகிறது. மேல்தள அறை பூட்டித்தான் கிடக்கிறது, அம்மா கிழமைக்கு ஒருக்கால் கூட்டுகிறாள். அயலட்டைக்கு நான் பதில் சொல்வேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. நித்திரை கொள்.

அம்மா மிளகாய்த்தூள் இடிப்பித்து, புழுக்கொடியலோடு கட்டி வைத்திருக்கிறாள். பெட்டி மூன்று கிழமையாக விறாந்தைக் கதிரையில் இருக்கிறது. பழைய விலாசத்துக்கு அனுப்பலாமா, இல்லாவிட்டால் வேறு விலாசமா? மேலே உள்ளதற்கு நீ பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, விலாசத்தை மட்டும் எழுது.

அப்பா