சனிக்கிழமை ராத்திரி ஆட்டம்

கேரி, வட கரோலினா
30 மார்ச் 2022, புதன் இரவு

அன்புள்ள கொக்கு,

திட்ட வேண்டியதை எல்லாம் முதலில் திட்டி முடித்துக்கொள். டிசம்பரில் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன், பதில் போடவில்லை. ஜனவரியில் உன் முழங்கால் ஆபரேஷன். அதற்கும் ஒரு கட்டைவிரல் பொம்மையை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். நமக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்த மாஸ்டர் விஷயத்துக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லைடா, அதுதான் காரணம். அதைக் கடைசியில் எழுதுகிறேன். கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுகிறாயா? தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். இங்கே எல்லாரும் நலம், சனிக்கிழமை வரைக்கும்.

சனிக்கிழமை என்ன என்று கேட்க மாட்டாய், உனக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் சொல்கிறேன், சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நியூ ஆர்லியன்ஸில் கல்லூரிக் கூடைப்பந்து அரையிறுதி. கரோலினாவும் ட்யூக்கும்! 1920இல் தொடங்கி இதுவரை 257 தடவை மோதியிருக்கிறார்கள். 142 நமக்கு, அதாவது கரோலினாவுக்கு, 115 ட்யூக்குக்கு. ஆனால் 1939இல் ஆரம்பித்த என்சிஏஏ என்கிற தேசியக் கல்லூரிப் போட்டியில் ஒரு தடவைகூட எதிரெதிரே வந்ததில்லை. 1991இல் வந்திருக்க வேண்டியது. இரண்டு அணியும் ஒரே ஊரில், ஒரே நாள் அரையிறுதி ஆடின. நாம் கேன்சஸிடம் தோற்றுத் தொலைத்தோம். அன்றைக்கு நம் அணியில் ஆடிய ஹ்யூபர்ட் டேவிஸ்தான் இப்போது நம் கோச். இது அவருக்கு முதல் வருஷம்.

எதிர்ப்பக்கம் கோச் கே. முழுப் பெயர் மைக் ஷஷெவ்ஸ்கி. ஆங்கிலத்தில் எழுதினால் முன்னால் ஒரு கே நிற்கும், வாயால் சொல்லும்போது அது காணாமல் போய்விடும். நம் ‘ழ’வை இவர்கள் படுத்துகிற பாட்டுக்கு இது பதிலடி என்று வைத்துக்கொள். 42 வருஷம் ட்யூக்கில் இருந்துவிட்டு இந்த சீசனோடு ஓய்வு பெறுகிறார். மொத்தம் 1,202 வெற்றி, 5 பட்டம், அரையிறுதிக்கு வருவது 13ஆவது தடவை. வேறு எந்தக் கோச்சும் இத்தனை தடவை வந்ததில்லை. கரோலினாவுக்கு எதிராக மட்டும் பார்த்தால் 50 ஜெயிப்பு, 47 தோல்வி. முப்பது வருஷமாக இந்த மனுஷனை நான் எப்படி வெறுத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். இப்போது வீட்டில் அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. மகள் ட்யூக்கில் மூன்றாம் வருஷம். ஃபீஸும் கட்டுகிறேன், திட்டும் வாங்குகிறேன்.

இரண்டு கல்லூரிக்கும் நடுவே பத்து மைல்தான். நம் ஊரில் ஆற்றுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்போமே, அந்த மாதிரி. போன ஞாயிறு கோயிலுக்குப் போனோம். பிரசாத வரிசையில் பாதிப் பேர் வெளிர்நீலச் சட்டை, மீதிப் பேர் அடர்நீலம். வெங்கடாசலபதி பாவம், யார் பக்கம் பார்ப்பார்?

சரி, கணக்குக்கு வா. நீ கேட்காவிட்டாலும் சொல்லுவேன், அதற்குத்தானே படித்தேன்.

இங்கே பத்திரிகைக்காரர்கள் சராசரிப் புள்ளியைத்தான் எழுதுவார்கள். அதில் ஒன்றும் இல்லை. ஓட்டமாக ஓடுகிற அணி எண்பது போடும், நிதானமாக ஆடுகிற அணி அறுபது போடும், இரண்டும் ஒரே தரமாக இருக்கலாம். பந்து ஒரு தடவை கைக்கு வந்தால் அதில் எத்தனை புள்ளி எடுத்தாய் என்றுதான் பார்க்க வேண்டும். ஒரு ஆட்டத்தில் ஒரு அணிக்குச் சுமார் எழுபது தடவை பந்து கிடைக்கும். இதை முதலில் யோசித்தவர்களில் ஒருவர் நம் பழைய கோச் டீன் ஸ்மித், கம்ப்யூட்டர் எல்லாம் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே. பின்னால் டீன் ஆலிவர் என்று ஒருவர் அதை நாலாகப் பிரித்தார்: எவ்வளவு குறி தப்பாமல் போடுகிறாய், எத்தனை தடவை பந்தைப் பறிகொடுக்கிறாய், தவறிய பந்தில் எத்தனையைத் திரும்ப எடுக்கிறாய், எதிராளி ஃபவுல் செய்ததற்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ போட லைனுக்கு எத்தனை தடவை போகிறாய். இப்போது எல்லாரும் நம்புவது கென் பாமராய் என்பவரின் தரவரிசையை. வானிலை ஆபீஸில் வேலை பார்த்தவர் அவர். மழை வருமா என்று சொல்லிக்கொண்டிருந்தவர் பந்து விழுமா என்று சொல்ல வந்துவிட்டார்.

அவர் கணக்கிலும் ட்யூக்தான் மேல். சூதாட்டக்காரர்கள் ட்யூக் நாலு புள்ளியில் ஜெயிக்கும் என்கிறார்கள். இந்த வருஷம் இரண்டு தடவை மோதினார்கள். பிப்ரவரி 5 நம் ஊரில் 87-67 என்று நம்மைத் துவைத்தார்கள். கிரிஃபின் என்கிற பொடியன் 27 போட்டான், நான் பாதியில் எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்த்தேன். மார்ச் 5 அவர்கள் ஊரில் நாம் 94-81. இரண்டையும் கூட்டிச் சராசரி பார், ட்யூக்குக்கு மூன்றரை புள்ளி. அவனவன் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு நாலு என்கிறான், நான் ரேஷன் கார்டின் பின்பக்கத்தில் போட்டிருந்தாலும் மூன்றரை வந்திருக்கும். கல்லூரி ஆட்டங்களில் இந்த மாதிரிக் கணிப்புகளின் திட்ட விலக்கம், அதாவது கணிப்பு எவ்வளவு தப்பும் என்கிற அளவு, சுமார் 11 புள்ளி. நாலை பதினொன்றால் வகுத்து அட்டவணையைப் பார்த்தால் ட்யூக் ஜெயிக்க 64 விழுக்காடு, நமக்கு 36. மூன்று தடவை ஆடினால் ஒரு தடவைக்குச் சற்று மேலே நமக்கு. ஆனால் ஆடப்போவது ஒரு தடவை.

அந்த 36ஐ நான் இன்னும் ஏற்றுவேன். மனசால் இல்லை, காரணத்தோடு. பிப்ரவரி 16 நம் ஆட்கள் பிட்ஸ்பர்கிடம் நம் ஊரிலேயே அசிங்கமாகத் தோற்றார்கள். அதற்கப்புறம் 11 ஆட்டத்தில் 10 வெற்றி. நவம்பரிலிருந்து எல்லா ஆட்டத்தையும் ஒரே எடையில் போட்டுச் சராசரி எடுத்தால், காய்ச்சலில் கிடந்த நாட்களையும் சேர்த்து ஓட்டப்பந்தய வீரனை அளந்த மாதிரி ஆகும். என்சிஏஏ போட்டிக்குள் எட்டாம் இடத்து அணியாகப் போய், போன வருஷச் சாம்பியன் பெய்லரையே வீழ்த்தினார்கள். அந்த ஆட்டத்தில் 25 புள்ளி முன்னணியைத் தொலைத்து, நம் மானெக்கையும் நடுவர்கள் வெளியே அனுப்பிவிட்டார்கள், கடைசியில் கூடுதல் நேரத்தில் 93-86. எனக்கு அன்றைக்கு பிபி மாத்திரை இரண்டு. யுசிஎல்ஏயோடு நம் கேலப் லவ் இரண்டாம் பாதியில் மட்டும் 27. பிறகு செயின்ட் பீட்டர்ஸோடு நம் பேகாட் 20 புள்ளி, 22 ரீபவுண்ட், அதாவது தவறிய பந்தை 22 தடவை பிடித்தான்.

பேகாட்டைப் பார்த்தால் உனக்குப் பிடிக்கும். உன்னை மாதிரியே பிவட், ரிங்கடியில் நின்று ஆடுகிறவன். உன்னைவிட நல்லவன், கோபித்துக்கொள்ளாதே. இந்த சீசனில் 29 ஆட்டத்தில் புள்ளியும் ரீபவுண்டும் இரண்டு இலக்கம். சனிக்கிழமை அவன் எதிரே ட்யூக்கின் மார்க் வில்லியம்ஸ், 7 அடி 1 அங்குலம். ஆட்டமே அங்கேதான். முதல் பத்து நிமிஷத்தில் இந்த இருவரில் யார் இரண்டு ஃபவுல் வாங்கி உட்காருகிறானோ அந்த அணி திண்டாடும். நமக்குத்தான் அதிகம் திண்டாட்டம். பெஞ்சில் நம்பி அனுப்ப ஒருவர், மிஞ்சினால் இரண்டு பேர். அவர்களிடம் பாங்கேரோ இருக்கிறான், அவனை எவனை வைத்துத் தடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உயரத்துக்கு உயரம், கைக்குக் கை. லீக்கி பிளாக்கைப் போடுவார்கள். மானெக்கின் தாடி எதையும் தடுக்காது. ஆனால் மானெக் வெளியே நின்று த்ரீ பாயிண்டர் போட்டால் வில்லியம்ஸ் ரிங்கடியை விட்டு வெளியே வந்தாக வேண்டும். மார்ச் 5இல் நடந்தது அதுதான். நம் ஆட்கள் நாலு பேர் ஆளுக்கு இருபதுக்குக் குறையாமல் போட்டார்கள்.

கடைசி நிமிஷத்துக்கு வந்தால் ஃப்ரீ த்ரோ. அங்கே நம் பையன்கள் ஒரு மாற்று மேல். இதைப் பற்றி உன்னிடம் பேசுவேனா? பேசவில்லை, போ.

இன்னொரு அரையிறுதி கேன்சஸும் வில்லனோவாவும். வில்லனோவாவில் மூர் குதிகால் தசைநார் அறுந்து உட்கார்ந்துவிட்டான், பாவம். அதைப் பற்றி இந்த ஊரில் ஒருவரும் பேசவில்லை.

நான் சொல்ல வந்ததே வேறு. இந்த ஆட்டம் வேண்டாம் என்கிறார்கள், கொக்கு. ஆபீஸில், முடி வெட்டுகிற இடத்தில், பெட்ரோல் பங்கில் எங்கே கேட்டாலும் இதே பேச்சு. நூறு வருஷமாகக் காத்திருந்தது வந்திருக்கிறது, துள்ளிக் குதிக்க வேண்டாமா? இல்லை. என் பக்கத்து சீட்டுக்காரர், மூன்று தலைமுறை கரோலினா, ‘யுசிஎல்ஏயிடமே தோற்றிருக்கலாம்’ என்கிறார். மகளின் ஹாஸ்டல் பெண்கள், கேமரன் அரங்குக்கு வெளியே குளிரில் வாரக்கணக்கில் கூடாரம் போட்டுக் கிடந்தவர்கள், சாப்பிட முடியவில்லை என்கிறார்கள். நாம் ஜெயித்தால் கோச் கேயின் கடைசி ஆட்டத்தை முடித்து வைத்தவர்கள் நாம். தோற்றால், அவர் கடைசியில் நம்மை மிதித்துக்கொண்டு போனார் என்று என் பேரன் காலம் வரைக்கும் கேட்க வேண்டும். ஜெயிப்பின் சந்தோஷம் ஒரு வருஷம், தோல்வியின் வலி சாகும்வரை. என் 36க்கும் 64க்கும் இதைப் போட ஒரு கட்டம் கிடையாது. படித்ததில் எந்த அட்டவணையிலும் கிடையாது.

1993 ஏப்ரல் ஞாபகம் இருக்கிறது. நான் வந்து எட்டு மாசம், கோட்டு வாங்கக் காசில்லை. இதே நியூ ஆர்லியன்ஸ், இதே அரங்கு. மிச்சிகனின் வெப்பர் கைவசம் மிச்சமில்லாத டைம் அவுட்டைக் கேட்டுத் தொலைத்தான், நாம் 77-71. டீன் ஸ்மித்துக்கு 1982இலும் அங்கேதான் பட்டம், ஜோர்டான் பொடியனாக இருந்து கடைசியில் போட்ட பந்து. கோச் கே இதற்கு முன் வந்த 12 அரையிறுதியில் இந்த ஊர் இல்லை. இதெல்லாம் கணக்கில் சேராது என்று வகுப்பில் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் இரண்டு நாளாக இதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறேன்.

மார்ச் 5 ஆட்டம் முடிந்ததும் நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. அது அவருக்கு அந்த அரங்கில் கடைசி ஆட்டம். கிட்டத்தட்ட நூறு பழைய மாணவர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள், தலை நரைத்தவர்கள் எல்லாம். தோற்றபிறகு விழா. கிழவர் மைக்கைப் பிடித்து, இன்றைக்கு ஆடியது ஏற்றுக்கொள்ளக்கூடியது இல்லை என்று கூட்டத்திடம் மன்னிப்புக் கேட்டார். நான் டிவி முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். எனக்கு மாஸ்டர்தான் தெரிந்தார்.

1991இல் அவர் ரிட்டயர் ஆன வருஷம் நாம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்தாரிடம் 58-59. மாலையைக் கழுத்தில் போடவிடாமல் கையில் வாங்கிக்கொண்டு, ‘நல்லா ஆடினீங்கப்பா’ என்றார். நல்லா ஆடவில்லை. ஆறு செகண்ட் இருக்கும்போது நீ விட்ட இரண்டு ஃப்ரீ த்ரோவை வைத்து முப்பது வருஷமாக உன்னை ஓட்டிக்கொண்டிருக்கிறோம். பட்டாளம் தன் கல்யாணத்தில்கூட மைக் பிடித்துச் சொன்னான். பரோட்டாப் பந்தயம் வேறு.

மாஸ்டர் வீட்டம்மா ஆட்டக் கணக்கு எழுதின அந்த நீள நோட்டுகளை உன்னிடம் கொடுத்ததாக வாய்ஸ் மெசேஜில் சொன்னாயே, அங்கேதான் எனக்குத் தொண்டை அடைத்தது. போட்டால் வட்டம், தவறினால் பெருக்கல் குறி, பந்தைப் பறிகொடுத்தால் முக்கோணம். அன்றைக்குக் கால் சுளுக்கோடு உட்கார்ந்து எழுதியது பட்டாளம். மறுநாள் காலை நான் மாஸ்டர் ரூமில் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். இரண்டாம் பாதியில் ஐந்து முக்கோணம். அதில் நாலு என் பெயருக்கு நேரே. ஐந்து புள்ளி முன்னணியில் இருந்த ஆட்டம் அது. நாலு தடவை பந்தைக் கொடுத்தால் சராசரிக்கு நாலு புள்ளி போகும் என்று கணக்குப் போட அன்றைக்கு எனக்கு ஆலிவர் தேவைப்படவில்லை. உன் இரண்டும் எல்லார் கண்ணுக்கு முன்னாலும், எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது தவறின. என்னுடையவை ஓட்டத்தில் போயின. ஒருவரும் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. உன்னை ஓட்டும்போதெல்லாம் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

மாஸ்டர் பார்த்திருப்பார். அவர் பார்க்காத பக்கம் அதில் இருக்காது. அவரும் சொல்லவில்லை.

1991 ஜனவரி, பச்சை அட்டை நோட்டு. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. பட்டாளத்துக்கும் கொக்குக்கூட்டம் குரூப்புக்கும் நானே போட்டுவிடுகிறேன், நீ போடாதே.

ஆட்டம் உங்கள் ஊரில் ஞாயிறு காலை ஆறு மணிக்கு மேல். அலாரம் வைத்துக்கொள். பாதி நேரத்தில் போன் பண்ணுவேன், நாம் பின்னால் இருந்தால் எடுக்காதே.

உன்
அணில்