வாடகை அறைகளின் கூரை வெக்கை: அளவிடவும் திருத்தவும் ஒழுங்கொன்று கோரும் மனு

மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர்,
மாவட்டச் செயலகம்,
கிளிநொச்சி.

ஊடாக: பிரதேச செயலாளர், கரைச்சி.
பிரதி: செயலாளர், கரைச்சி பிரதேச சபை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

கிளிநொச்சி நகர், கனகபுரம், திருநகர், அறிவியல்நகர்ப் பக்கங்களில் மாத வாடகைக்கு விடப்படும் அறைகள் பல சீமெந்துக்கல் சுவரில் தகரமோ அஸ்பெஸ்டஸ் சீற்றோ போட்டவை. சீலிங் கிடையாது, யன்னலும் பெரும்பாலும் ஒரு பக்கம்தான். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும் சூரியன் எமது உச்சிக்கு நேரே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் வரண்ட சோளகம் வீசும். சூடேறிய கூரை கீழே வெப்பத்தை வீசுகிறது. மின்விசிறி முகட்டடியில் தேங்கிய சூட்டுக் காற்றைக் கட்டிலுக்கு இறக்குகிறது. காற்று 35 பாகையைத் தாண்டினால் விசிறியால் கிடைக்கும் ஆறுதலும் குறைந்துவிடும். பொழுதுபட்டதும் தகரம் ஆறிவிடும், சுவர் ஆறாது. இரவு பத்து மணிக்கும் அறை வெளியை விடச் சூடாக இருப்பது இதனால்தான்.

எமது உறவுகள் வாழும் ரொறன்ரோ நகரில், குளிர்காலத்தில் வாடகை வீட்டின் வெப்பநிலை 21 பாகை செல்சியசுக்குக் குறையக் கூடாது என்று நகரசபை விதி இருக்கிறது. குறைந்தால் குடியிருப்பவர் அளந்து எழுதி, உரிமையாளருக்கு அறிவித்து, திருத்தாவிட்டால் நகரசபைக்கு முறையிடுவார். எமக்கு வேண்டியது வெக்கைக்கான அதே வழிதான்.

வெறும் பாகைக் கணக்கு இங்கே உதவாது. வெளியே 36 பாகை அடித்தால் அது உரிமையாளரின் குற்றமல்ல. அறைக்கும் வெளி நிழலுக்கும் உள்ள வித்தியாசமே கட்டடத்தின் குறையைக் காட்டும். ஆகவே அறை நடுவில், தரையிலிருந்து 3 அடி உயரத்தில், சுவரில் தொடாமல் வெப்பமானியைத் தொங்கவிட்டு, பிற்பகல் 2 மணிக்கும் இரவு 10 மணிக்கும், அதே நேரம் வெளி நிழலிலும், ஏழு நாள் பதிய வேண்டும். யன்னல் திறந்திருந்ததா என்பதையும் எழுத வேண்டும். பூட்டிய அறையின் பதிவை எவரும் ஏற்கமாட்டார்கள். எத்தனை பாகை வித்தியாசத்துக்கு மேல் திருத்தம் கட்டாயம் என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நிர்ணயிக்கட்டும்.

திருத்தம் பெரிய செலவல்ல. முதலாவது காற்றோட்டம்: தரைப்பரப்பில் ஏழில் ஒரு பங்கு திறப்பாக இருந்தால் 100 சதுர அடி அறைக்குச் சுமார் 14 சதுர அடி வரும். அதை ஒரே யன்னலாக வைத்தால் காற்று உள்ளே வந்து நின்றுவிடும். எதிரெதிர்ச் சுவர்களில் ஏழேழாகப் பிரிக்க வேண்டும். முகட்டருகே துளைக்கல் வைத்து நுளம்பு வலை அடிக்கலாம். அடுத்தது வெள்ளைப் பூச்சு. சுண்ணாம்பு அஸ்பெஸ்டசில் பிடிக்கும், துத்தநாகத் தகரத்தில் பிடிக்காது. அடிப்பூச்சு இல்லாமல் அடித்தால் ஐப்பசி மழையோடு கழுவுண்டு போகும். கிறவல் வீதியோரக் கூரையில் புழுதி படிந்தால் வெள்ளையின் பலன் குறையும், எனவே மாரி முடிந்தபின் ஆண்டுக்கொருமுறை கழுவ வேண்டும். அஸ்பெஸ்டசைக் காய்ந்தபடி கம்பித் தூரிகையால் சுரண்டவோ, துளையிடவோ, அறுக்கவோ கூடாது. அதன் தூசு நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமானது. நனைத்து, மென்தூரிகையால் மட்டும் தேய்க்க வேண்டும். தகரத்தின் மேல் கிடுகு பரப்புவது நல்ல குளிர்ச்சி தரும், ஆனால் அடுப்புப் புகைபோக்கி அருகில் அதை நாம் சிபாரிசு செய்யமாட்டோம்.

கூரையோ சுவரோ எமதல்ல. உரிமையாளர் சம்மதமின்றிக் கைவைக்க முடியாது. கோபத்தில் வாடகையை நிறுத்துவோரும் உண்டு. அது வெளியேற்றும் வழக்குக்கு நாமே காரணம் கொடுப்பதாகும். கடையில் எழுதிக் கையெழுத்திட்ட ஒரு வருட ஒப்பந்தமும் கைகொடாது: 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும். ஆகவே எழுத்துமூல அறிவித்தல், பிறகு 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான மத்தியஸ்த சபை என்பதே இன்று கையிலுள்ள வழி. அங்கே கூரையை அளந்து சொல்ல ஆளில்லை.

எனவே, வெப்பப் பதிவோடு வரும் முறைப்பாட்டைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பிரதேச சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் 14 நாட்களுக்குள் சேர்ந்து பார்வையிட்டு எழுத்தில் அறிக்கை தர ஒழுங்கு செய்யுமாறு கேட்கிறோம். மத்தியஸ்த சபையில் பேச அந்த அறிக்கையே எமக்கு ஆதாரமாகும். புதிதாக வாடகை அறை கட்டுவோரின் வரைபட அனுமதியில் எதிரெதிர்த் திறப்பையும் சீலிங்கையும் சேர்க்க வேண்டும். 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் எமது எல்லைக்குள் எந்த வீடுகளுக்குப் பொருந்தும் என்பதையும் எழுத்தில் தெளிவுபடுத்துக. உரிமையாளர்களிலும் கடன்பட்டுக் கட்டியவர்கள் உளர். பூச்சுச் செலவைக் குடியிருப்பவர் செய்து மாதத் தவணையில் வாடகையிற் கழிக்கும் மாதிரி உடன்படிக்கையொன்றைக் கிராம அலுவலர் அலுவலகங்களில் வைத்தால் இரு பக்கத்துக்கும் உதவும்.

பங்குனிக்கு முன் இதுபற்றி ஒரு கூட்டம் தருமாறு வேண்டுகிறோம். வெப்பப் பதிவுத் தாளின் மாதிரி இணைக்கப்பட்டுள்ளது.

இங்ஙனம்,
வாடகைக் குடியிருப்பாளர்கள்,
கரைச்சி.