சாக்கடைத் தண்ணீரும் உன் சம்பா நெல்லும்

வாலாஜாபேட்டை,
கார்த்திகை 12

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய சேதி படித்து மனசு நிறைந்தது. இங்கே கமலாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது அவளே ஊசியில் நூல் கோர்க்கிறாள்.

நீ கடைசிப் பக்கத்தில் எழுதியதுதான் என்னை இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. மூன்று வருஷமாக டவுன் சாக்கடைத் தண்ணீரைத்தான் பாய்ச்சுகிறாய், யூரியா பாதி போதும், பயிர் கருகருவென்று நிற்கிறது என்கிறாய். நிற்கும்தான். தழைச்சத்தும் மணிச்சத்தும் அதிலேயே கரைந்து வருகிறது. கோடையிலும் வற்றாத தண்ணீரை எந்த விவசாயி வேண்டாம் என்பான்? ஆனால் அந்தக் கால்வாய் பழைய பேட்டரி உடைக்கும் இடத்தையும் முலாம் பூசும் பட்டறைகளையும் தாண்டித்தானே வருகிறது? கிருமியாவது நெல் காய்ந்து, அரிசி வெந்து சோறாவதற்குள் செத்துவிடும். ஈயமும் காட்மியமும் நச்சு உலோகங்கள், வெந்தாலும் போகாது, மண்ணில் கிடந்தாலும் மக்காது.

பாலாற்றங்கரையில் இருந்து பார்த்தவன் நான். தோல் பதனிடும் கழிவு பாய்ந்த நிலத்தில் உப்பேறி, பயிர் நுனி கருகி, தானே காட்டிக்கொடுத்தது. ராணிப்பேட்டைப் பக்கம் குரோமியம் என்ற உலோகம் இறங்கிய இடத்தில் கிணற்றுத் தண்ணீரைக் கிளாஸில் பிடித்தால் மஞ்சளாகவே இருந்தது. தோல் கழிவு வழக்கில், கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. அந்தக் குரோமியமாவது பெரும்பாலும் நெல்லின் வேரோடு நின்றுவிடும். காட்மியம் அப்படியில்லை. மாங்கனீஸ் சத்து ஏறும் வழியிலேயே அதுவும் ஏறி மணிவரை போய்விடும். இலையும் பச்சையாகத்தான் இருக்கும், கதிரும் தலைசாயும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

தீட்டிய அரிசியில் காட்மியம் கிலோவுக்கு 0.4 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது கோடெக்ஸ் என்ற உலக உணவுத் தர அமைப்பின் அளவு. 25 கிலோ சிப்பம் நாற்பதை அடுக்கி வை. அத்தனைக்கும் சேர்த்து ஒரு சிட்டிகை உப்பளவு. சிறுநீரகத்தில் தங்கிவிட்டால் அதில் பாதி வெளியேறவே பத்து முதல் முப்பது வருஷம் ஆகும். ஜப்பானில் சுரங்கக் கழிவு கலந்த ஜின்சு ஆற்றுத் தண்ணீரில் விளைந்த அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு, அதிலும் பிள்ளை பெற்று வயதான பெண்களுக்கு, எலும்பு நொறுங்கியது. "இத்தாய், இத்தாய்" என்று, அதாவது வலிக்கிறது வலிக்கிறது என்று கதறியதே நோயின் பெயராகிவிட்டது. அரசு 1968-ல் காரணத்தை ஒப்புக்கொண்டது. வயல் மண்ணைச் சீர்படுத்தும் வேலை முடிய 2012 ஆயிற்று.

உன் மண்வள அட்டையை நம்பாதே. அதிலுள்ள 12 இனங்களில் காட்மியமும் இல்லை, ஈயமும் இல்லை. இத்தனை வருஷம் மண் பரிசோதனை நிலையத்தில் இருந்த நான் இதை உனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டு என்று ஊர் ஊராகச் சொன்னவனும் நான்தான். சேற்றில் தண்ணீர் நிற்கும்வரை காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து முடங்கிக் கிடக்கும். வயல் வெடித்துக் காற்றுப் புகுந்தால் அவிழ்ந்து வேருக்கு வந்துவிடும். ஆர்சனிக் என்ற நஞ்சு இருந்தால் இதற்கு நேர்மாறு, தண்ணீர் நிற்க நிற்கத்தான் அது ஏறும். எது இருக்கிறது என்று தெரியும்வரை, இப்போது கதிர் வெளிவரும் முன் உள்ள தொண்டைக்கதிர் பருவமாயிற்றே, பால் பிடித்து முற்றும்வரை வயலைக் காயவிடாதே. சாக்கடை மடையை இன்றே அடைத்துவிட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கட்டு. மகசூல் கொஞ்சம் குறைந்தாலும் போகட்டும். கால்வாய் தூர் வாரிய சேற்றை எருவென்று வண்டியில் அடிக்காதே, உலோகமெல்லாம் அதில்தான் படிந்திருக்கும். பட்டறைக் கழிவைத் தனியே பிரிக்கச் சொல்லி நகராட்சிக்கு மனு எழுது. நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

அறுவடை ஆனதும் விற்பதற்கு முன் இரண்டு படி நெல் எடுத்து வை. பழைய உரச்சாக்கில் கட்டாதே, அதிலேயே காட்மியம் ஒட்டியிருக்கலாம். துவைத்த துணிப்பையில் கட்டி வை. தை பிறந்ததும் நானே வந்து, மண்ணும் எடுத்துக்கொண்டு, சோதனைக்குக் கொண்டுபோகிறேன். முடிவு வரும்வரை பேத்திக்கு அந்தப் புது அரிசியில் கஞ்சி வைக்க வேண்டாம்.

உன்,
ராஜேந்திரன்