திரையரங்கில் குடிநீர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லிடைக்குறிச்சியிலிருந்து பேருந்தேறித் திருநெல்வேலிக்கு வந்து படம் பார்த்துத் திரும்புவது எங்கள் குடும்பத்தில் இன்றும் ஒரு சிறு திருவிழாதான். விளக்குகள் அணைந்ததும், முன்பின் அறியாத நூற்றுக்கணக்கானோர் ஒரே காட்சிக்கு ஒன்றாகச் சிரித்து, மறு காட்சியில் ஒன்றாக மூச்சடக்கி அமர்ந்திருக்கும் அந்த அனுபவத்தைக் கைப்பேசித் திரை ஒருநாளும் தராது. எழுபது வயதைக் கடந்த என் தாயார் அதற்காகவே சிரமம் பாராமல் படியேறி வருகிறார்.

சென்ற மாதம் மாநகரின் ஓர் அரங்கில், நுழைவாயில் சோதனையின்போது அவருடைய தண்ணீர்ப் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே இருந்த குடிநீர்க் குழாயில் தண்ணீர் வரவில்லை. அவர் மாத்திரை போட வேண்டியிருந்ததால், இடைவேளை நெரிசலில் நின்று, வெளியே 20 ரூபாய்க்குக் கிடைக்கும் பாட்டிலை 50 ரூபாய்க்கு வாங்கினேன்.

வெளியுணவைத் தடுக்கத் திரையரங்குகளுக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தூய குடிநீரை இலவசமாக வழங்க வேண்டும் என்றும், கைக்குழந்தைகளுக்கான உணவைப் பெற்றோர் கொண்டுவரலாம் என்றும் அப்போதே தெளிவுபடுத்தியது. தடுக்கும் உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டு கடமையைக் கைவிடுவது நியாயமன்று.

படம் ஓடும்போது கைப்பேசியில் உரக்கப் பேசுவோரின் தொல்லையைக்கூட ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம்; தாகத்தைப் பொறுக்க முடியாது. கோடை விடுமுறைக் கூட்டம் தொடங்குமுன், உரிமம் வழங்கும் அதிகாரிகள் அரங்குகளை நேரில் ஆய்வு செய்து, குடிநீர் உள்ள இடத்தைத் தமிழில் பெரிதாக எழுதிவைக்கச் செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், கல்லிடைக்குறிச்சி