சுமதிக்கு, அக்கா ரிப்போர்ட் பத்தி

அன்புள்ள சுமதி,

உன் மெயில் பாத்த அன்னைக்கே பதில் போட உட்கார்ந்தேன், ஆனா நீ அனுப்பின அக்காவோட மார்பகப் புற்றுநோய் பயாப்ஸி ரிப்போர்ட்டை நிதானமா படிச்சுட்டு எழுதலாம்னு வச்சிட்டேன். இங்க எல்லாரும் சுகம். கார்த்தி காலேஜ் சேந்து ஹாஸ்டல் போயிட்டான், வீடு வெறிச்சுன்னு இருக்கு, நான் லேப்ல கூடுதல் நேரம் கழிக்கிறேன்.

ஹெர்2 3+ னு பாத்து நீ பயந்துட்டே. ஹெர்2ங்கறது செல்லோட மேல இருந்து வளரச் சொல்ற ரிசெப்டர், அதாவது சிக்னல் வாங்கற புரோட்டீன், 3+னா அது ரொம்ப அதிகமா இருக்குன்னு அர்த்தம். 1987ல அமெரிக்க டாக்டர் டென்னிஸ் ஸ்லாமன் குழு, ஹெர்2வோட ஜீன் எக்கச்சக்கமா பெருகியிருக்கற கட்டி சீக்கிரம் திரும்பி வருதுன்னு காட்டினப்போ அது நெஜமாவே கெட்ட சேதிதான், ஏன்னா அதுக்கு மருந்து இல்ல. 1998ல ஹெர்2வைத் தடுக்கற டிராஸ்டுசுமாப் மருந்து வந்த பிறகு கதையே மாறிடுச்சு. மார்பகப் புற்றுநோய்ல நூத்துக்கு 15லேர்ந்து 20 பேருக்கு இந்த வகைதான், இன்னைக்கு அவங்களுக்கு கையில நல்ல மருந்து இருக்கு. அக்காவுக்கு அக்குள் நிணநீர் முடிச்சுக்கும் (நோடு) போகலைன்னு போட்டிருக்கு, அதை ரெண்டு தடவை படி.

நீ கேட்ட கேள்விதான் எனக்கு ரொம்ப பிடிச்சது, வளரச் சொல்ற ரிசெப்டர் எப்படி செல்லை நகரவும் வைக்குதுன்னு. மார்புல இருக்கற கட்டி மட்டும் உயிரை எடுக்கறது அபூர்வம்டீ, அங்கேர்ந்து கிளம்பி நுரையீரலுக்கும் எலும்புக்கும் போறதுதான் ஆபத்து. ஹெர்2 தனக்குன்னு ஒரு சிக்னல் வெளியேர்ந்து வரணும்னு காத்திருக்காது, பக்கத்துல இருக்கற அதே குடும்பத்து ரிசெப்டர் ஹெர்3யோட ஜோடி சேந்து, செல்லுக்குள்ள சிக்னலைக் கடத்தற பிஐ3கே-ங்கற என்சைமை முடுக்கிவிடும், அது ராக்-ங்கற சின்ன புரோட்டீனை எழுப்பும், உடனே செல்லோட முன்பக்கம் ஆக்டின்ங்கற புரோட்டீன் இழை வளந்து ஓரத்தை வெளிய தள்ளும். ராக்தான் அந்த ஓரத்தை மடிப்பு மடிப்பா அலையவைக்குது, அதோட சொந்தக்காரன் ரோ உள்ள கெட்டியா கயிறு கட்டுதுன்னு 1992ல லண்டன்ல ஆலன் ஹாலும் ஆன் ரிட்லியும் காட்டினாங்க. பி.எஸ்ஸில நாம படிச்சப்போ சைட்டோஸ்கெலிட்டன்னா, அதாவது இந்த மாதிரி இழைகளால ஆன செல்லோட உள்சட்டம்னா, ஏதோ செல்லுக்கு முட்டுக்கொடுக்கற தூண் மாதிரி சொல்லிக்கொடுத்தாங்களே, அது சதா அவிழ்ந்து அவிழ்ந்து கட்டிக்கிட்டே இருக்கற சாமான்.

நியூயார்க்ல ஜான் காண்டீலிஸ் லேப் வேலைதான் எனக்கு இதுல உசத்தி. எலி மார்பகப் புற்று செல்லுக்கு ஈஜிஎஃப்-ங்கற வளர்ச்சி சிக்னல் புரோட்டீனைக் கொடுத்தா சில நிமிஷத்துலயே ஓரம் விரியும். கோஃபிலின்னு ஒரு புரோட்டீன் செல்லோட சவ்வுல ஒட்டிக்கிட்டு சும்மா கெடக்கும், சிக்னல் வந்ததும் கழண்டு போய் ஆக்டின் இழையை வெட்டும். வெட்டினா குறையணும்தானே, ஆனா முருங்கையை வெட்டிவிட்ட மாதிரி வெட்டின முனையிலேர்ந்தெல்லாம் புதுசா துளிர்க்கும். 2004ல அவங்க கோஃபிலினை வேதியியலா பூட்டி உள்ள விட்டு, செல்லோட ஒரு பக்கம் மட்டும் ஒளி அடிச்சு திறந்தாங்க, செல் அந்தப் பக்கமே நகந்துச்சு! அதே ஆளுங்கதான் கட்டிக்குள்ள இருக்கற மேக்ரோஃபேஜ்ங்கற நோய் எதிர்ப்பு செல் ஈஜிஎஃப் கொடுக்குது, புற்று செல் பதிலுக்கு அந்த செல்லை இழுக்கற சிஎஸ்எஃப்-1ங்கற சிக்னலைக் கொடுக்குது, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டு ரத்தக்குழாய் பக்கம் போகுதுன்னும் காட்டினாங்க. நம்மள காக்கவேண்டிய செல்லே துணைக்குப் போகுதுன்னு படிச்சப்போ எனக்கு மனசே ஆறல.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. மருந்து வேலை செய்யுதான்னு பாக்க கட்டி சுருங்குதான்னுதான் முதல்ல அளக்கறாங்க, நகர்றதை மட்டும் நிறுத்தற மருந்து கட்டியை சுருக்காது, அதனால அது டெஸ்ட்லயே அடிபட்டுப் போயிடும். இதுக்கு வேற அளவுகோல் வேணும்னு நான் உறுதியா நம்பறேன்.

சரி, அக்கா விஷயத்துக்கு வரேன். பாக்லிடாக்சல்ங்கற கீமோ மருந்தும் டிராஸ்டுசுமாபும் சேத்து கொடுப்பாங்கன்னு சொல்லியிருக்கே. பாக்லிடாக்சல் பிடிக்கறதும் சைட்டோஸ்கெலிட்டனைத்தான், ஆனா ஆக்டின் இல்ல, மைக்ரோட்யூப்யூல்ங்கற குழாய் மாதிரி இழை. அதைக் கலைய விடாம இறுக்கிடும், செல் ரெண்டா பிரியமுடியாம மாட்டிக்கும், 1979ல சூசன் ஹார்விட்ஸ் கண்டுபிடிச்சது. நரம்போட நீள இழைக்கும் அதே மைக்ரோட்யூப்யூல் வேணும்ங்கறதாலதான் விரல் நுனி மரத்துப்போகுது. சட்டை பட்டன் போட கஷ்டமா இருந்தா, செருப்பு கழண்டது தெரியலைன்னா, பொறுத்துக்காம உடனே டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லு, டோஸ் மாத்துவாங்க. டிராஸ்டுசுமாபுக்கு இதய எக்கோ மூணு மாசத்துக்கு ஒரு தடவை எடுப்பாங்க, ஏன்னா இதயத் தசை செல்லுக்கும் ஹெர்2 சிக்னல் தேவை. எக்கோ தேதியை தள்ளிப்போட விடாதே, அக்கா வழக்கம்போல வீட்டு வேலைன்னு சாக்கு சொல்வாங்க.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அக்காவுக்கு போன் பண்றேன், அவங்க நம்பர் மாறியிருந்தா அனுப்பு. ஊசி போடற நாள்ல நீ கூட போறியா இல்ல மாமாவா, அதையும் எழுது.

உன்
வசந்தி