குதிரைக்குக் கூலி யார் தருவது?

ஹட்டன்

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. கோத்தகிரியில் மழை பிந்திவிட்டது என்று எழுதியிருந்தாய். இங்கே தலைகீழ், துணி காயவே மாட்டேன் என்கிறது. வீட்டில் எல்லோரும் சுகம். மூத்தவளின் மகன் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறான், அதாவது அவன் அம்மா படிக்கிறாள்.

தெப்பக்காட்டு முகாமில் யானைகளைப் பார்த்துவிட்டு வந்து, "உங்கள் கண்டிப் பெரஹரா ஊர்வலத்தில் மட்டும் ஏன் இந்தக் கொடுமை?" என்று கேட்டிருக்கிறாய். 2019இல் போனில் சுற்றிய, ஊர்வல யானை டிக்கிரியின் படத்தை மனதில் வைத்துத்தான் கேட்கிறாய் போல. எழுபது வயதுக் கிழவி அது. தலையிலிருந்து கால்வரை ஜரிகைத் துணி, மேலே மின்விளக்கு. தெருவோரம் நின்று பார்க்கிறவனுக்கு என்ன தெரியும்? துணியைக் கழற்றினால் விலா எலும்பை எண்ணலாம். எதிர்ப்புச் சத்தம் பெரிதானதும் கடைசி ஊர்வலத்துக்கு அதைக் கூட்டிப்போகவில்லை. அடுத்த மாதமே செத்துப்போனது.

"இது வேடிக்கை இல்லை, பக்தி" என்று இங்கே சொல்வார்கள். மரியாதைக்குக் குறைவில்லைதான். நீ கப்பலேறும் முன் நாம் கண்டியில் அண்ணாந்து பார்த்த ராஜா யானை 1988இல் செத்த பிறகு, பாடம் பண்ணி, புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகை வளவிலேயே வைத்திருக்கிறார்கள். ஆனால் கும்பிடுகிறவர்கள் யாரும் சங்கிலியைக் கழற்றிவிடவில்லையே.

இங்கே மிருகவதைச் சட்டம் 1907ஆம் ஆண்டுக்குரியது. அதில் உள்ள நூறு ரூபாய்த் தண்டத்துக்கு இன்று ஒரு பிளேன்டீயும் வடையும் வந்தால் பெரிது. 2021இல் வளர்ப்பு யானைகளுக்கென்று புது விதிகள் வந்தன: தினமும் இரண்டரை மணி நேரம் குளிப்பாட்ட வேண்டும், குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது, வேலை நேரத்தில் பாகன் குடிக்கக் கூடாது. (கடைசி விதியை நம் தோட்டத்து லயத்தில் சில வீடுகளுக்கும் நீட்டலாம்.) நல்ல விதிகள்தான். தினமும் போய் யார் பார்க்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

யானையை விடு, ஏப்ரல் சீசனுக்குப் பேரனை நுவரெலியா கூட்டிப்போனேன். குதிரை ஏற வேண்டும் என்று அடம். கடிவாளம் பிடித்திருந்தவன் பக்கத்துத் தோட்டத்துப் பையன், இருபது வயது இருக்கும். சேணத்தின் வார் உரசி, வயிற்றோரம் உள்ளங்கை அகலத்துக்கு மயிரே இல்லை. அந்த இடத்தில் ஊதா மருந்து தடவி, மேலே சாக்குத்துண்டு செருகியிருந்தான். "ஓய்வு கொடுக்க மாட்டாயா தம்பி?" என்றேன். "குதிரை முதலாளியோடது ஐயா. சுற்றுக்குத்தான் எனக்குக் காசு. இது நின்றால் நானும் பட்டினி" என்றான். பேரனை ஏற்றவில்லை. அவன் அழுத அழுகைக்கு ஸ்ட்ராபெரி வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

அந்தப் பையனைத் திட்டி என்ன ஆகப்போகிறது? அவனுக்கு நாட்கூலி என்று ஒன்றை முதலாளி பேசிவிட்டால், மத்தியானம் இரண்டு மணி நேரம் குதிரையை நிழலில் கட்டுவான். சுற்றுக் கணக்கில் கூலி இருக்கிறவரை எந்த விதியும் அந்தப் புண்ணை ஆற்றாது. பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறைக்குத்தான் கூலி என்று ஓடிய நம் அம்மாக்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதா?

குதிரை மனிதன் கையிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வளர்ந்த மிருகம். நியாயமான வேலை, தீனி, ஓய்வு இருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். யானை அப்படி இல்லை. கட்டிப்போட்ட இடத்தில் அது குட்டி போடுவது அபூர்வம். அதனால் ஊர்வலத்துக்குப் புதிதாக ஒன்று வேண்டுமென்றால் ஏதோ ஒரு காட்டில் ஒரு குட்டியைப் பிடித்தாக வேண்டும். திருடிய குட்டிக்குப் போலிப் பத்திரம் செய்த வழக்கெல்லாம் இங்கே நடந்திருக்கிறது. இருக்கிற யானைகளைச் சாகும்வரை நன்றாக வைத்துக்கொள்ளட்டும், புதிதாகப் பிடிக்க வேண்டாம். ஊர்வலத்தில் தலதா பேழையைச் சுமக்க ஒன்று போதும், மீதி எல்லாம் வரிசையின் நீளத்துக்குத்தானே? இதைக் கண்டியில் சத்தமாகச் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை, அதுவும் தமிழன் வாயால்.

உன் மகன் 2017இல் மெரினாவில் காளைக்காக நின்றவன் ஆயிற்றே, அவனிடம் நான் கேட்டதாகக் கேள்: "எங்கள் பண்பாடு" என்று அவன் சொன்னால் சரி, கண்டிக்காரன் சொன்னால் தப்பா? கோபப்படாமல் பதில் எழுதச் சொல்.

அப்புறம், தெப்பக்காட்டில் பாகன்களுக்கு மாதச் சம்பளமா, நாட்கூலியா? விசாரித்து எழுது. தங்கச்சிக்கு முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

உன் மச்சான்