புயல் வந்ததே இல்லையா, ஆசிரியரே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் டைபூன் என்னும் கடும் புயல் பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். அதிசயமாக அறிவியலுக்கும் இடம் கிடைத்ததே என்று ஆசையாகப் படித்தேன். கடைசி வரியில் வந்தது வினை. "பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் நம் நாட்டுக்குப் புயல் வந்ததே இல்லை, நாம் கொடுத்து வைத்தவர்கள்" என்று முடித்திருந்தார்கள்.

ஐயா, 2001 டிசம்பர் 27-ஆம் தேதி நம் மலேசியாவில், ஜோகூரின் தென்கிழக்கில் கரை ஏறிய வாமெய் புயல் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அப்போது நான் கூலாய்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கு எழுதுபவன். தினமும் காலையில் மழைமானியைத் திறந்து அளந்து புத்தகத்தில் எழுதுவது என் வேலை. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் உள்ளே இருந்த பாட்டில் நிரம்பி வெளிக்கூட்டிலும் தண்ணீர் நின்றது, அதை எந்தக் கண்ணாடியில் ஊற்றி அளப்பது? "நிரம்பி வழிந்தது" என்று எழுதி வைத்தேன், மானேஜர் அதற்கும் முகத்தைச் சுளித்தார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கூரைத் தகரம் பறந்து போய் செம்பனை வரிசைக்குள் மடங்கிக் கிடந்தது. குனோங் பூலாய் மலையில் மண் சரிந்து 5 பேர் இறந்து போனார்கள். உங்கள் பழைய கட்டுகளைப் புரட்டினால் அந்தச் செய்தியே கிடைக்கும். 1996 டிசம்பரில் சபாவில் கெனிங்காவ் பக்கம் கிரெக் புயல் அடித்து 200 பேருக்கு மேல் இறந்ததையும் சேர்த்துப் பாருங்கள். இவர்களெல்லாம் கொடுத்து வைத்தவர்களா?

கட்டுரையாளர் எதை வைத்து எழுதினார் என்று புரிகிறது. கடல் நீர் 26.5 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும், ஈரக்காற்று மேலே ஏறி மழை மேகமாகும்போது வெளிவிடும் வெப்பம்தான் புயலுக்குச் சாப்பாடு. அது சுழல்வதற்குப் பூமியின் சுழற்சி தரும் முறுக்கு வேண்டும், பூமத்திய ரேகையில் அது இல்லை, 5 பாகைக்கு அப்பால் போனால்தான் போதிய அளவு கிடைக்கும். சரி, பாடநூல் அப்படித்தான் சொல்லும். ஆனால் வாமெய் 1.5 பாகை பக்கத்திலேயே உருவாகிவிட்டதே! தென் சீனக் கடல் வழியாக வேகமாக இறங்கிய வடகிழக்குப் பருவக்காற்று, போர்னியோ ஓரம் சுற்றிக்கொண்டிருந்த காற்றுச் சுழலோடு சேர்ந்து, இல்லாத முறுக்கைக் கொடுத்துவிட்டது. அமெரிக்கக் கடற்படையின் எச்சரிக்கை மையம் அதை டைபூன் என்றது, ஜப்பான்காரர்கள் அதற்குக் கீழே வைத்தார்கள். உலகமே ஆராய்ந்த புயல் ஐயா அது, நம் வீட்டு வாசலுக்கு வந்தது.

அப்புறம் "புயலின் கண்ணில் காற்று மிகக் கடுமையாக வீசும்" என்றும் ஒரு வரி. கண்ணில் காற்று கீழே இறங்குகிறது, மேகம் விலகி வானம் வெளுத்துக்கூடப் போகும். கொடுமையெல்லாம் அதைச் சுற்றி நிற்கும் மேகச் சுவரில்தான், அதற்கு வெளியே சுருள் சுருளாக மழைப்பட்டைகள். கண் கடக்கும்போது எல்லாம் முடிந்தது என்று வெளியே வந்தவனை மறுபக்கத்துச் சுவர் எதிர்த் திசையிலிருந்து அடிக்கும். பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டியதே இதுதான், அதைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள்.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள், கோபம்தான். தோட்டத்துப் பாலம் வெள்ளத்தில் போனபோது நான் எழுதிய கடிதத்தை இரண்டு வரியாக வெட்டி திருமண விளம்பரத்துக்குக் கீழே போட்டீர்கள். ஒய்.பி. என்று நாம் அழைக்கும் மக்கள் பிரதிநிதி மாலை போட்டுக்கொள்ள வந்தால் மட்டும் உங்கள் நிருபருக்கு எங்கள் ஊருக்கு வழி தெரியும். பத்திரிகையே இங்கே மதியத்துக்கு மேல்தான் வருகிறது, அப்படியும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். எங்கள் மழை மட்டும் உங்கள் கணக்கில் வராது.

வேண்டுவது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் நான்கு வரி திருத்தம், கூடவே கண், மேகச் சுவர், மழைப்பட்டை என்று பெயர் குறித்த ஒரு படம், மை கசியாமல். இங்குள்ள தமிழ்ப்பள்ளி ஆசிரியை உங்கள் பக்கத்தை வெட்டித்தான் வகுப்புப் பலகையில் ஒட்டுகிறார். இடமில்லை என்றால் ராசிபலனில் கன்னி ராசியை ஒரு வாரம் எடுத்துவிடுங்கள், என் ராசிதான், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
கூலாய், ஜோகூர்